அரசியலமைப்பை எந்த முனையில இருந்து படிக்கிறது: பகுதி வரிசையா, திருத்த வரிசையா, வழக்கு வழியா?

குரூப் 2 படிக்கிறவங்க, லா காலேஜ்ல புதுசா சேர்ந்தவங்க, பரீட்சை எதுவும் இல்லாம டிவி விவாதத்துல "356, 368"னு கத்துறதைக் கேட்டு இது என்னதான்னு தெரிஞ்சுக்க நினைக்கிறவங்க, எல்லாரும் மாட்டிக்கிற இடம் ஒண்ணுதான். இந்திய அரசியலமைப்பைத் தொறந்தா 395 வரைக்கும் ஆர்டிகிள், 12 அட்டவணை, நூத்துக்கு மேல திருத்தம். எதைப் பிடிச்சு இழுக்கிறதுனு தெரியாது. ஒருத்தர் முதல் பக்கத்துல இருந்து வரிசையா படிங்கிறார், இன்னொருத்தர் திருத்தத்தை மட்டும் பாருங்க மார்க் அங்கதான் இருக்குங்கிறார், தெரிஞ்ச வக்கீல் யாராவது இருந்தா கேஸ் படிக்காம ஒண்ணுமே புரியாதுனு பயமுறுத்துறார். மூணுலயும் கொஞ்சம் நியாயம் இருக்கு, மூணுலயும் யாரும் வெளிய சொல்லாத செலவும் இருக்கு.

## எதை வெச்சு அளக்குறது

முதல்ல நேரம். மூணு மாசம் இருக்கிறவருக்கும் பதினஞ்சு நாள் இருக்கிறவருக்கும் ஒரே பதில் கிடையாது. ரெண்டாவது, படிச்சது இன்னைக்கு நடைமுறையில இருக்கிற சட்டமா, இல்ல எப்பவோ இருந்து போனதா. இதைப் பலபேர் யோசிக்கிறதே இல்ல, ஆனா எனக்கு இதுதான் முக்கியம். மூணாவது, "என்ன"ங்கிறதுக்கு மட்டும் பதில் கிடைக்குதா, "ஏன்"ங்கிறதுக்கும் கிடைக்குதா. அப்ஜெக்டிவ் பரீட்சைக்கு "என்ன" போதும், மெயின்ஸ்ல விரிவா எழுதணும்னா "ஏன்" இல்லாம ரெண்டு பக்கம் தாண்டாது. நாலாவது, எங்க ஓட்டை விழும்ங்கிறது, அதாவது அந்த வழியில போனா எந்தப் பகுதி கண்ணுலயே படாமப் போயிடும்.

காசைக் கணக்குல சேர்க்கல. பேர் ஆக்ட்னு சொல்ற வெறும் சட்ட உரை மத்திய சட்ட அமைச்சகத்தோட வெப்சைட்ல பிடிஎஃபா சும்மாவே கிடைக்குது.

## பகுதி வரிசையா படிக்கிறது

1950-ல அமலுக்கு வந்தப்ப 22 பகுதி, 395 ஆர்டிகிள், 8 அட்டவணை. இப்பவும் கடைசி நம்பர் 395தான், ஆனா நடுவுல 21ஏ, 51ஏ, 300ஏனு சொருகிச் சொருகி உள்ள இருக்கிறது ரொம்பவே கூடிடுச்சு. பகுதிகள் 25 ஆச்சு, அட்டவணை 12 ஆச்சு. 22-ல ஒண்ணு போய் நாலு சேர்ந்து 25: போனது பகுதி 7, வந்தது 4ஏ, 9ஏ, 9பி, 14ஏ.

இந்த வழியோட பெரிய பலம், எந்த நம்பரைச் சொன்னாலும் அது எந்த ஏரியானு தெரிஞ்சிடும். 12 முதல் 35 வரை அடிப்படை உரிமை, 36 முதல் 51 வழிகாட்டு நெறிமுறை, 52 முதல் 151 மத்திய அரசு, 152 முதல் 237 மாநிலம், 245-ல இருந்து மத்திய மாநில உறவு, 324-ல இருந்து தேர்தல், 352-ல இருந்து அவசரநிலை, 368, அதாவது அரசியலமைப்பைத் திருத்துற முறை, தனியா ஒரு பகுதி. இந்த வரைபடம் மண்டையில ஏறிட்டா அதுக்கப்புறம் செய்தி படிக்கிறதே வேற மாதிரி இருக்கும்.

சிக்கல் எங்கன்னா பகுதி 5. அடிப்படை உரிமை வரைக்கும் ஆர்வமா வருவாங்க, 52-ல நுழைஞ்சா ஜனாதிபதி தேர்தல், ஓட்டு மதிப்பு, சபாநாயகர், பணமசோதானு நூறு ஆர்டிகிள் நீளத்துக்குப் போகும், அது முடிஞ்சு பகுதி 6-க்கு வந்தா அதே விஷயம் மாநிலத்துக்குத் திரும்ப வரும். பெரும்பாலானவங்க படிப்பு நிக்கிறது இங்கதான். இதுக்கு ஒரு வழி இருக்கு: ரெண்டையும் ஜோடி போட்டுப் படிங்க. 72-ஐப் படிக்கும்போதே 161, ரெண்டும் தண்டனைக் குறைப்பு, ஒண்ணு ஜனாதிபதி ஒண்ணு ஆளுநர். பேரறிவாளன் விடுதலை வழக்கு முழுக்க இந்த 161-லதான் ஆரம்பிச்சுது, கடைசியில 2022-ல உச்ச நீதிமன்றம் முழு நீதி வழங்குறதுக்கான தன்னோட சிறப்பு அதிகாரமான 142-ஐப் பயன்படுத்தி விடுதலை பண்ணுச்சு. அதே மாதிரி 74-க்கு 163, 110-க்கு 199, 111-க்கு 200, 112-க்கு 202, 123-க்கு 213, 32-க்கு 226. தமிழ்நாடு ஆளுநர் மசோதாவுக்கு ஒப்புதல் தராத சண்டை சுத்துனது 200-லதான். இப்படிப் போட்டா ரெண்டு பகுதியும் சேர்ந்து ஒண்ணு படிக்கிற நேரத்துல முடியும், எது ஒத்துப்போகுது எங்க வித்தியாசப்படுதுங்கிறதும் தெரியும், கேள்வி வர்றதே அந்த வித்தியாசத்துலதான்.

மறைமுகச் செலவு என்னன்னா, வரிசையா படிக்கும்போது எது 1950 எழுத்து எது அப்புறம் வந்ததுனு தெரியாது. முகவுரையில "சோசலிச, மதச்சார்பற்ற"ங்கிற சொற்கள் ஆரம்பத்துல இருந்தே இருக்குனு நம்புறவங்க நிறைய பேர், அது 42-வது திருத்தத்துல 1976-ல சேர்ந்தது. அடுத்த செலவு பழைய பிரிண்ட். பழைய புத்தகக் கடையில பாதி விலைக்குக் கிடைக்குதுனு வாங்கிட்டு வந்தா அதுல ஜிஎஸ்டியே இருக்காது, 246ஏ, 279ஏ ரெண்டும் 2016-ல வந்த 101-வது திருத்தத்துலதான் வந்துச்சு.

## திருத்த வரிசையா படிக்கிறது

கதை மாதிரி போகும், அதான் இதோட கவர்ச்சி. அதுவும் நம்ம ஊர்ல இருந்தே ஆரம்பிக்குது. சென்னை மாகாணத்துல சாதி, மதவாரியா இடம் ஒதுக்கின வகுப்புவாரி அரசாணையை எதிர்த்து செண்பகம் துரைராஜன் வழக்குப் போட்டாங்க, உச்ச நீதிமன்றம் 1951-ல அந்த ஆணை செல்லாதுனு சொல்லிடுச்சு, பெரியார் தலைமையில போராட்டம் வெடிச்சுது, அதே வருஷம் நேரு அரசு முதல் திருத்தத்தைக் கொண்டுவந்து, இடஒதுக்கீட்டுக்கு வழி விடுற 15(4)-ஐச் சேர்த்துச்சு. நிலச்சீர்திருத்தச் சட்டங்களைக் கோர்ட்டுகிட்ட இருந்து காப்பாத்த ஒன்பதாவது அட்டவணை பிறந்ததும் இதே திருத்தத்துலதான். அமலுக்கு வந்து ஒன்றரை வருஷம் முடியுறதுக்குள்ள முதல் திருத்தம்.

அங்கிருந்து 7-வது (1956) மொழிவாரி மாநிலம். 16-வது (1963) பிரிவினை பேசுறதுக்குத் தடை, பதவிப் பிரமாணத்துலயே நாட்டோட இறையாண்மை ஒருமைப்பாட்டைக் காப்பேன்னு சொல்லணும்னு வந்துச்சு, திமுக திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்ட காலம் அது. 24-வது (1971) பார்லிமென்ட் எதை வேணா திருத்தலாம்னு 368-ஐ மாத்துனது. 26-வது ராஜாக்களோட மானியத்தை ஒழிச்சது. 42 எமர்ஜென்சியில வந்தது, 44 (1978) அதுல பாதியைத் திருப்பிப் போட்டு, சொத்துரிமையை அடிப்படை உரிமையில இருந்து எடுத்து 300ஏ-வா வெச்சது. 52 (1985) கட்சித் தாவல் தடை, 61 ஓட்டு வயசு 21-ல இருந்து 18, 73-ம் 74-ம் உள்ளாட்சி, 76 (1994) தமிழ்நாட்டோட 69 சதவீத இடஒதுக்கீட்டுச் சட்டத்தை ஒன்பதாவது அட்டவணையில வெச்சது, 86 (2002) கல்வி உரிமை, 101 ஜிஎஸ்டி, 103 (2019) பொருளாதார ரீதியா பின்தங்கினவங்களுக்குப் பத்து சதவீதம், 106 (2023) பெண்களுக்கு மூணுல ஒரு பங்கு சீட். இதைப் படிச்சாலே எழுபது வருஷ அரசியல் பாதி தெரிஞ்சிடும்.

ஆனா ஓட்டை இங்கதான் பெருசு, இதை யாரும் சொல்றதில்ல. நம்பர் போட்ட திருத்தம் மட்டும்தான் அரசியலமைப்பை மாத்துதுனு நினைச்சுட்டு உக்காந்தா மோசம் போயிடுவீங்க. மெட்ராஸ் ஸ்டேட் தமிழ்நாடு ஆனது (1969 பொங்கல் அன்னைக்கு) முதல் அட்டவணையில மாற்றம், ஆனா அதுக்குத் திருத்த நம்பர் கிடையாது. ஏன்னா ஆர்டிகிள் 3-ல சாதாரணச் சட்டமா பண்ணலாம், அதை 368-படி திருத்தமா எடுத்துக்கக் கூடாதுனு ஆர்டிகிள் 4 தெளிவா சொல்லுது. 1986-ல தமிழ்நாட்டு மேலவையை ஒழிச்சதும் 169-படி சாதாரண மெஜாரிட்டியில போட்ட சட்டம்தான். 2014-ல தெலங்கானா, அதுவும் அப்படியே. 2019-ல ஜம்மு காஷ்மீருக்குத் தனி அந்தஸ்து தந்த 370-ஐ செயலிழக்க வெச்சது ஜனாதிபதி ஆணைகள் மூலமா. 2011-ல ஒடிசாவுல இன்னும் வேடிக்கை, மாநிலப் பேரை மாத்துனதுக்கு நம்பர் இல்ல, அதே சமயத்துல எட்டாவது அட்டவணையில மொழிப் பேரை மாத்துனதுக்கு மட்டும் 96-வது திருத்தம்.

அடுத்த செலவு, நிறைவேறுன எல்லாத் திருத்தமும் உயிரோட இல்ல. 99-வது நீதிபதிகள் நியமன ஆணையத்தைக் கொண்டுவந்துச்சு, 2015-ல உச்ச நீதிமன்றம் மொத்தமா ரத்து பண்ணிடுச்சு. 97-வது கூட்டுறவு சங்கங்களுக்குப் பகுதி 9பி-யைச் சேர்த்துச்சு, மாநிலப் பட்டியல்ல கை வெச்சுட்டு பாதி மாநிலச் சட்டமன்றங்களோட ஒப்புதலை வாங்கலனு 2021-ல மாநிலக் கூட்டுறவு சங்கங்கள் விஷயத்துல அது செல்லாமப் போச்சு. லிஸ்ட்ல ரெண்டும் ஜம்முனு நிக்கும்.

நம்பர் குழப்பம் தனி. மசோதா நம்பர் வேற, சட்டமான அப்புறம் நம்பர் வேற. பெண்கள் இடஒதுக்கீடு மசோதாவா இருந்தப்ப 128, சட்டமானதும் 106. ஜிஎஸ்டி 122-ஆ வந்து 101 ஆச்சு. ஒரே நாடு ஒரே தேர்தல் மசோதாவை 129-வதுனு பேப்பர்ல படிச்சுட்டு அப்ப 128 திருத்தம் ஆயிடுச்சானு கேக்குறவங்க இருக்காங்க, இல்ல. வருஷத்துலயும் இதே கதைதான்: 73-வது 1992 சட்டம், அமலுக்கு வந்தது 1993 ஏப்ரல் 24. 61-வது 1988 சட்டம், அமல் 1989. ஆப்ஷன்ல ரெண்டு வருஷத்தையும் போட்டு வெப்பாங்க.

## வழக்கு வழியா படிக்கிறது

"ஏன்"ங்கிற கேள்விக்கு இதை அடிச்சுக்க ஆளில்ல. 1967 கோலக்நாத்ல அடிப்படை உரிமையைப் பார்லிமென்ட் தொடக்கூடாதுனு கோர்ட் சொல்லுச்சு, அதுக்குப் பதிலாத்தான் 24-வது திருத்தம், அதை எதிர்த்து 1973 கேசவானந்த பாரதி. 13 நீதிபதிகள், 7-க்கு 6, திருத்தலாம் ஆனா அடிப்படைக் கட்டமைப்பைத் தொடக்கூடாதுனு தீர்ப்பு. 1980-ல மினர்வா மில்ஸ், 42-வது திருத்தம் 368-ல சேர்த்த ரெண்டு உட்பிரிவைத் தூக்குச்சு. 2007-ல ஐ.ஆர்.கோயல்ஹோ வழக்கு, நம்ம கூடலூர் ஜென்மி எஸ்டேட் நிலத்துல ஆரம்பிச்சது, 1973 ஏப்ரல் 24-க்கு அப்புறம் ஒன்பதாவது அட்டவணையில போன சட்டத்தையும் கோர்ட் பரிசீலிக்கலாம்னு முடிஞ்சுது. நம்ம 69 சதவீதச் சட்டம் அந்தத் தேதிக்கு அப்புறம் உள்ள போனதுதான், அதனால இந்தத் தீர்ப்பைத் தமிழ்நாட்டுக்காரங்க கவனமா படிக்கணும். (அந்த ஏப்ரல் 24-தான் கேசவானந்த பாரதி தீர்ப்பு நாள், சரியா இருபது வருஷம் கழிச்சு அதே தேதியில பஞ்சாயத்துத் திருத்தமும் அமலுக்கு வந்துச்சு. தேதி மறக்காம இருக்க நல்ல வசதி.)

1994 எஸ்.ஆர்.பொம்மை வழக்கும் அப்படித்தான். 1976-லயும் 1991-லயும் 356-ஐ வெச்சு திமுக ஆட்சியைக் கலைச்சப்ப இருந்த சூழ்நிலையும், பொம்மைக்கு அப்புறம் மெஜாரிட்டியைச் சட்டமன்றத்துலதான் நிரூபிக்கணும்னு ஆன சூழ்நிலையும் வேற வேற, ஆனா 356-ஓட எழுத்தை மட்டும் படிச்சா இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

செலவு? நேரத்தை முழுங்கும். கேசவானந்த பாரதியில மட்டும் 11 தனித்தனி தீர்ப்புகள், முழுசா படிச்சு முடிச்ச வக்கீல்களே கம்மி. சுருக்கத்தைப் படிச்சா நேரம் மிச்சம், ஆனா சுருக்கம் எழுதுனவரோட கருத்தும் கூடவே வரும். இன்னொண்ணு, வழக்கு வர்ற இடம்தான் வெளிச்சமாகும். நிதி ஆணையம் (280), அரசுக் கணக்கைத் தணிக்கை பண்ற சிஏஜி (148), அஞ்சாவது ஆறாவது அட்டவணை, மொழி பத்தின பகுதி 17, இதெல்லாம் இந்த வழியில போனா கடைசி வரைக்கும் கண்ணுல படாது. குரூப் 4-க்கு இந்த வழியில படிக்கிறது வேண்டாத வேலை, நேராவே சொல்லிடுறேன்.

## பக்கத்துல பக்கத்துல வெச்சா

| | பகுதி வரிசை | திருத்த வரிசை | வழக்கு வழி |
|---|---|---|---|
| நேரம் | மூணு மாசம், ஜோடி போட்டா குறையும் | முக்கியமானது மட்டும்னா பத்து பதினஞ்சு நாள் | முடிவே கிடையாது |
| இன்னைய சட்டமா | ஆமா, புது பிரிண்ட்னா | ரத்தானதும் கலந்திருக்கும் | தொட்ட இடத்துல மட்டும் |
| ஏன்னு தெரியுமா | தெரியாது | ஓரளவு | நல்லா தெரியும் |
| எங்க ஓட்டை | வரலாறு | நம்பர் இல்லாத மாற்றங்கள் | வழக்கு வராத பகுதிகள் |
| யாருக்கு | முதல் தடவை படிக்கிறவங்க, குரூப் 2, குரூப் 4 | கடைசி நேர ரிவிஷன், அரசியல் வரலாறு ஆர்வம் | லா மாணவர்கள், மெயின்ஸ் |

நாலாவதா ஒண்ணு வாட்ஸப்ல சுத்துது, "எல்லாத் திருத்தமும் ஒரே பக்கத்தில்"னு. அதை ஒரு வழியாவே நான் எடுத்துக்கல. நூறு நம்பரை மனப்பாடம் பண்ணிட்டு 31-வது எது 35-வது எதுனு ஹால்ல உக்காந்து முழிக்கிறதுக்கு, இருபது திருத்தத்தை உருப்படியா தெரிஞ்சு வெச்சுக்கலாம்.

## நான் எதைச் சொல்வேன்

பகுதி வரிசைதான், ஆனா அடிக்குறிப்போட. பேர் ஆக்ட்ல பக்கத்துக்குக் கீழ பொடி எழுத்துல இருக்குமே, அதை எல்லாரும் தாண்டிப் போயிடுறாங்க. எந்தச் சொல் எந்தத் திருத்தத்துல, எந்தப் பிரிவால, எந்தத் தேதியில இருந்து வந்துச்சுனு அங்கதான் போட்டிருக்கும். மூணு வழியும் சேர்ற இடம் அது.

பாகுபாடு கூடாதுனு சொல்ற ஆர்டிகிள் 15-ஐத் தொறந்து பாருங்க. ஆரம்பத்துல மூணு உட்பிரிவுதான். (4)-க்கு அடிக்குறிப்பு முதல் திருத்தத்தைக் காட்டும், பின்னாடி செண்பகம் துரைராஜன் வழக்கு. (5) 93-வது திருத்தம், 2005-ல இனாம்தார் வழக்குல தனியார் கல்லூரிகள்ல அரசு இடஒதுக்கீட்டைத் திணிக்க முடியாதுனு வந்த தீர்ப்புக்குப் பதில். (6) 103-வது, பத்து சதவீதம், 2022-ல 3-க்கு 2-னு தப்பிச்சுது. ஒரே ஆர்டிகிள்ல மூணு திருத்தம், மூணு வழக்கு. தனித்தனியா மூணு வழியில போயிருந்தா இதையே மூணு தடவை மூணு இடத்துல படிச்சிருப்பீங்க, அப்பவும் சேர்த்துப் பாத்திருக்க மாட்டீங்க.

காலியா கிடக்கிற இடங்களும் அப்படித்தான். 19(1)-ல (இ) முடிஞ்சு (எஃப்) இருக்க வேண்டிய இடத்துல வெறும் நட்சத்திரக்குறி இருக்கும், அங்கதான் சொத்துரிமை இருந்துச்சு, 44 எடுத்துடுச்சு. ஏழாவது அட்டவணையில மாநிலப் பட்டியலைப் புரட்டுங்க, 11, 19, 20, 29 எல்லாம் காலி. கல்வி, காடு, வனவிலங்கு, எடை அளவு, 42-வது திருத்தம் தூக்கிட்டுப் போய் பொதுப்பட்டியல்ல வெச்சது. நீட் பத்தி பேசுறவங்க எல்லாரும் சொல்ற "கல்வியை மாநிலப் பட்டியலுக்குக் கொண்டு வா"ங்கிற கோரிக்கை அந்த 11-ங்கிற காலி இடத்தைப் பத்தினதுதான். 52-ம் 55-ம் காலியா இருந்தா அது ஜிஎஸ்டி வேலை. பகுதி 7 காலியாவே கெடக்கு, பகுதி 9-ம் 1956-ல காலியாகி, 73-வது திருத்தம் பஞ்சாயத்தைக் கொண்டுவந்து குடி வைக்கிற வரைக்கும் அப்படியே கெடந்துச்சு, 243-க்குப் பின்னாடி அத்தனை எழுத்து ஒட்டிக்கிட்டு இருக்கிறதுக்குக் காரணமும் அதான், கிடைச்ச ஒரே நம்பருக்குள்ள மொத்த உள்ளாட்சியையும் அடைச்சாங்க.

எல்லா ஆர்டிகிளுக்கும் இப்படித் தோண்ட வேண்டாம், தோண்டுனா வருஷம் ஆயிடும். 13, 15, 16, 19, 21, 31 குடும்பம் (31, 31ஏ, 31பி, 31சி), டெல்லி பத்தின 239ஏஏ, 352, 356, 368, ஏழு ஒன்பது பத்தாவது அட்டவணைகள், இவ்வளவுக்கு மட்டும் அடிக்குறிப்பைப் பிடிச்சு உள்ள போங்க, மத்ததை வரிசையா படிச்சுட்டு நகருங்க. 368-ல மட்டும் நிதானமா நில்லுங்க: மொத்த உறுப்பினர்ல பாதிக்கு மேல, வந்து ஓட்டுப் போட்டவங்கள்ல மூணுல ரெண்டு பங்கு, ரெண்டு சபையிலயும் தனித்தனியா, கூட்டுக் கூட்டம் கிடையாது, மத்திய மாநில அதிகாரப் பங்கீட்டைத் தொட்டா பாதி மாநிலச் சட்டமன்றமும் சம்மதிக்கணும். 97-வது ஏன் விழுந்துச்சுங்கிறது இந்தக் கடைசி வரியிலதான் இருக்கு.

லா படிக்கிறவங்க இதை மாத்திக்கலாம், அவங்களுக்கு வழக்கு எப்படியும் சிலபஸ்லயே வரும், அதனால ஒவ்வொரு வழக்குக்கும் முன்னாடி அந்த ஆர்டிகிள் அன்னைக்கு எப்படி இருந்துச்சுனு பாத்துட்டுப் போனா போதும். 1950-ல ஏ.கே.கோபாலன் மெட்ராஸ் ஜெயில்ல இருந்து போட்ட வழக்கையும் 1978 மேனகா காந்தி வழக்கையும் அப்படி வெச்சுப் பாருங்க, உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் பாதுகாப்பு தர்ற 21-ல ஒரு எழுத்துகூட மாறல, அர்த்தம்தான் தலைகீழா மாறியிருக்கு. எந்தத் திருத்த லிஸ்ட்லயும் இது வராது.

பதினஞ்சு நாள்தான் இருக்கா, அப்ப என் பேச்சைக் கேக்காதீங்க. மேல சொன்ன திருத்தங்களை மட்டும் எடுத்து, ஒவ்வொண்ணுக்கும் எந்த ஆர்டிகிள், எந்த அட்டவணை, சட்டமான வருஷம், அமலான வருஷம், இப்ப உயிரோட இருக்கானு ஒரு நோட்டுல எழுதிக்கிட்டு, பகுதி 5-க்கும் 6-க்கும் போட்ட ஜோடி நம்பர்களையும் பக்கத்துலயே எழுதி வெச்சுக்கோங்க. எந்தப் புத்தகத்துல இருந்து எழுதினாலும் அதுல 106-வது இருக்கானு மட்டும் முதல்ல பாத்துடுங்க.